பதினான்காம் வாக்கியம்

மூன்று நாட்களாக முப்பத்தெட்டுப் பேர் ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து இருபத்தோரு வாக்கியங்களை மென்றுகொண்டிருந்தார்கள். சாப்பாடாக இருந்திருந்தால் எப்போதோ செரித்திருக்கும். இதுவோ துப்பவும் மனமில்லாமல், விழுங்கவும் துணிவில்லாமல், வாய்க்குள்ளேயே ஊறிக் கொழகொழத்துப் போன சமாச்சாரம்.

விஷயம் இதுதான். நாட்டில் எந்தெந்த உயிர் அழிந்துகொண்டிருக்கிறது, ஏன், என்ன செய்தால் மிஞ்சும் என்று நூற்றிருபது விஞ்ஞானிகள் ஆறு வருஷம் உழைத்து அறுநூறு பக்க அறிக்கை எழுதியிருந்தார்கள். அதை எந்த அமைச்சரும் படிக்கப்போவதில்லை. அமைச்சர்கள் படிப்பது இரண்டு பக்கச் சுருக்கம். அடுத்த மாதம் உலக மாநாட்டுக்குப் போவதும் அதுதான், பிறகு சட்டமாவதும் அதில் இருப்பதுதான். அதனால் அந்தச் சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் திரையில் போட்டு, எல்லாத் துறைகளும் சரி என்ற பிறகே தலைவர் மேஜையில் மரச்சுத்தியால் தட்டுவார். தட்டினால் தட்டியதுதான். தட்டிய ஒன்றை யாராவது மறுபடி திறக்க வேண்டுமென்றால் இருபத்தொன்றையும் திறந்தாக வேண்டும் என்பது விதி. இப்படி ஒரு விதியை எழுதியவனை நேரில் பார்த்தால் நாலு கேள்வி கேட்கலாம். ஆனால் அவனும் ஏதோ ஒரு குழுவாகத்தான் இருந்திருப்பான்.

இருபத்தொன்றில் ஒன்றே ஒன்று அவளுடையது. பதினான்காவது. அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் ‘டாக்டர்’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால் ‘சாணி மேடம்’. பன்னிரண்டு வருஷமாக மாட்டுச்சாணியைக் கிளறிச் சாணி வண்டுகளை எண்ணுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். மேய்ச்சல் நிலத்தில் ஒருநாள் கிடந்த சாணியை அள்ளி வாளித் தண்ணீரில் போடுவாள். சாணி கரையும், வண்டுகள் மேலே மிதந்து வரும். ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி, எண்ணி, திரும்ப விட்டுவிடுவாள். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பிஸ்கட்டைப் பிரித்துச் சாப்பிடுவாள். பார்க்கிறவர்களுக்குத்தான் குமட்டும். அவளுக்கு இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூடக் குமட்டியதில்லை. இந்த அறைக்கு வந்த முதல் நாள் மதியமே குமட்டியது.

குமட்டாமல் என்ன செய்யும். சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் கொடி, அதில் பிளாஸ்டிக் பூ. அரைமணிக்கொரு தரம் மூலையிலிருந்த ஒரு டப்பா தானாகவே மல்லிகை மணத்தை உமிழ்ந்தது. எல்லார் நாற்காலியிலும் ஒரு துணிப்பை, பையில் துள்ளும் கன்றுக்குட்டிப் படம், படத்துக்குக் கீழே நிகழ்ச்சிக்கு ஆதரவு அளித்த மருந்து நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனம் விற்கும் புழு மருந்தைப் பற்றியதுதான் அவளுடைய வாக்கியம். யாருக்கும் அது ஒரு பொருட்டாகவே படவில்லை. பையின் தையல் நன்றாக இருக்கிறது என்றார் ஒருவர்.

மாட்டின் வயிற்றுப் புழுவுக்குப் போடும் அந்த ஊசி மருந்து, சாணியோடு வெளியே வந்து வாரக்கணக்கில் வேலை செய்யும். சாணிக்குள் முட்டையிடும் வண்டின் குஞ்சு அதைத் தின்று சாகும். வண்டு செத்தால் சாணியை மண்ணுக்குள் கொண்டுபோக ஆளில்லை. அது தட்டுத் தட்டாகக் காய்ந்து மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், கீழே புல் முளைக்காது, புழு முட்டைகள் மட்டும் சுகமாக இருக்கும். வண்டுகள் மண்ணைவிட்டு வெளியே வந்து குடும்பம் நடத்துவது மழைக்காலத்தின் ஆறு மாதம் மட்டும். மீதி ஆறு மாதம் ஆழத்தில் தூங்கும். ஆகவே அவள் எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: “மழைக்காலத்தில் மேய்ச்சல் மாடுகளுக்கு இந்த மருந்து போடுவது நிறுத்தப்பட வேண்டும்.”

பன்னிரண்டு வருஷம் சுருங்கி எட்டுச் சொல்லாக நின்றது.

மூன்றாம் நாள் காலையில் கட்டிடப் படிக்கட்டில் நின்றபோது அக்கா கூப்பிட்டாள். அக்காவுக்கு நாற்பது மாடுள்ள பால் பண்ணை. அந்தப் பண்ணையின் மேய்ச்சல் நிலத்தில்தான் தங்கையின் ஆராய்ச்சி பெரும்பாலும் நடந்தது. சுற்றுவட்டாரத்தில் மருந்து விழாத நிலம் அது ஒன்றுதான். தங்கை சொன்னாள் என்பதற்காக நான்கு வருஷமாக அக்கா அந்த ஊசியைத் தொடவில்லை. அதற்குப் பதிலாகக் கொடுக்கும் பழைய மருந்துக்குப் புழு பழகிவிட்டது, பாதிதான் கேட்கும். போன வருஷம் இரண்டு கன்று போயிற்று.

“இன்னைக்காவது முடிஞ்சிடுமாடி?” அக்காவுக்குப் பேச்சில் சுற்றி வளைக்கும் பழக்கம் கிடையாது.

“முடிஞ்சிடும்க்கா. கடைசி நாள் இது.”

“நெத்தியில வெள்ளைச் சுட்டி இருக்குமே, அந்தக் கன்னு நேத்துலேருந்து எழுந்திருக்கல. வயிறு பானையாட்டம் இருக்கு. இதோ கொட்டகையிலதான் உக்காந்திருக்கேன்.”

“ஐயோ. கொஞ்சம் பொறுத்துக்கோக்கா.”

“நாலு வருஷமா அதத்தானே பண்றேன். வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். நான் மட்டும் நிறுத்தி என்ன புண்ணியம், அவன் சாணியில இருக்கற முட்டை என் புல்லுக்கு வராதா? நீதானே சொன்ன, சட்டம் வந்தா எல்லாரும் நிறுத்துவாங்க, வண்டு பெருகிடும், சாணியோட சேர்த்து முட்டையும் மண்ணுக்குள்ள போயிடும், அப்புறம் மருந்தே அவ்வளவா வேணாம்னு?”

“ஆமா, நான்தான் சொன்னேன்.”

“சட்டம் வருதுன்னா, எல்லாரும் நிறுத்துறாங்கன்னா, இந்தக் கன்னு போனாலும் மனசத் தேத்திப்பேன். வரலேன்னா இன்னைக்கே ஊசி போட்டுடுவேன். நாப்பதுக்கும். உன் வண்டு, என் மாடுன்னு வந்தா நான் என்ன பண்ண முடியும் சொல்லு.”

அந்த நிலத்தில் போன மழையில் வாளியில் மிதந்த கொம்பு வண்டுகள் நாற்பத்தொன்று, கறுத்து, நெற்றியில் ஒற்றைக் கொம்போடு. வேறெங்கும் ஐந்து வருஷமாக ஒன்றுகூட மிதக்கவில்லை. நாற்பது மாட்டுக்கும் ஊசி விழுந்தால் அடுத்த வருஷம் இங்கேயும் மிதக்காது. அக்கா போனை வைத்துவிட்டாள், தங்கை உள்ளே போனாள்.

உள்ளே பதினான்காம் வாக்கியம் திரையில் இருந்தது. அதன் வால் மட்டும் முதல் நாளிலிருந்தே முடிவாகாமல் அடைப்புக்குறிக்குள் கிடந்தது. ‘வேண்டும்’ என்பதை வைத்துக்கொள்ளலாமா, ‘பரிசீலிக்கப்படலாம்’ என்று மாற்றலாமா என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார்கள். ‘வேண்டும்’ என்றால் செய்தாக வேண்டும். ‘பரிசீலிக்கப்படலாம்’ என்றால் கோப்பைப் பரணில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த ஒரு சொல்லுக்காக அவள் மூன்று நாளாக மல்லுக்கு நின்றாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். கழிப்பறைக்குப் போகும்போதுகூடப் பக்கத்து நாற்காலிப் பறவைக்காரரிடம், “சார், யாராவது வால்ல கை வெச்சா உங்க அட்டைய நிமிர்த்திடுங்க,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அங்கே பேச வேண்டுமென்றால் முன்னால் கிடக்கும் பெயரட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்த வேண்டும். அதைப் பார்த்துத்தான் தலைவர் கூப்பிடுவார்.

பறவைக்காரர் அவளைவிட இருபது வயது மூத்தவர். ஒரு ஏரிக்கு வரும் பறவைகளை முப்பது வருஷமாக எண்ணுகிறவர். அந்த ஏரியில் வேட்டையைத் தடுக்கும் பதினோராம் வாக்கியம் அவருடையது. இரண்டாம் நாளே அதற்குச் சுத்தி விழுந்துவிட்டது. அதிலிருந்து மனிதர் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எதிர்வரிசையில் கால்நடைத் துறை இணை இயக்குநர். எப்போதும் சிரித்த முகம். அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. வராது, எதற்கு வரவேண்டும். பதினொரு மணிக்கு அவர் அட்டையை நிமிர்த்தினார்.

“தலைவர் அவர்களே, எங்க துறை இதுல பிடிவாதமா இருக்க விரும்பல. டாக்டரம்மா இவ்வளவு தூரம் சொல்றாங்க. ‘வேண்டும்’னே இருக்கட்டும்.”

அறை ஒரு கணம் அசந்துபோனது. பறவைக்காரர் மேஜைக்கடியில் அவள் கையைத் தட்டினார்.

“ஒரே ஒரு சின்ன சந்தேகம்,” என்றார் இணை இயக்குநர். “மழைக்காலம்னு பொதுவா போட்டிருக்கு. எல்லா வட்டாரத்துலயும் மழை ஒரே சமயத்துலயா வருது? இத டாக்டரே சொல்லட்டும். எனக்கு அந்த அளவுக்கு விஞ்ஞானம் தெரியாது.”

இங்கேதான் நம் ஆள் சறுக்கினாள். வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். இவள் விஞ்ஞானி ஆயிற்றே. துல்லியம் என்ற சொல்லைக் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து உட்காருகிற ஜாதி. ‘மழைக்காலம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியது அவளுக்கே ஆறு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது.

“உண்மைதான்,” என்றாள். “வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். சரியா சொல்லணும்னா வட்டாரவாரியா எந்தெந்த மாசம்னு ஒரு அட்டவணை போடறதுதான் முறை.”

“ஆஹா. அப்ப வாக்கியத்துல ‘ஆண்டில் ஆறு மாதங்களுக்கு’ன்னு போட்டுட்டு, மாசங்களைப் பின்னிணைப்புல வெச்சிடலாமா?”

“வெக்கலாம்.”

“ஊசி போடற கால அட்டவணை எல்லாம் எங்ககிட்டதான் இருக்கு. நாங்களே தயார் பண்ணிக் கொடுத்துடறோம். உங்களுக்கு எதுக்கு சிரமம்.”

அவள் கண் திரையில் இருந்தது. வாலில் அடைப்புக்குறி கழன்று ‘வேண்டும்’ பளிச்சென்று நின்றது. மூன்று நாள் காத்த சொல். தலையை எங்கே ஆட்டினாள், எப்போது ஆட்டினாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு நினைவில்லை. சுத்தி விழுந்தது, கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

மதியம் உணவு இடைவேளையில் பின்னிணைப்பு வந்தது, நாற்பது பக்கம், சூடு ஆறாமல். முப்பத்தோராம் பக்கத்தில் அட்டவணை. அக்காவின் வட்டாரத்தை விரலால் தேடினாள். மருந்து நிறுத்தப்படும் ஆறு மாதங்கள் மழை ஓய்ந்த மாதத்தில் தொடங்கி, முதல் மழைக்கு முந்தைய மாதத்தில் முடிந்தன. தப்பாக அச்சாகிவிட்டதோ என்று அடுத்த வட்டாரத்தைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். ஒன்பது வட்டாரம், ஒன்பதிலும் கோடைதான். வண்டு தூங்குகிற ஆறு மாதம் அதைப் பத்திரமாகப் பாதுகாத்துவிட்டு, அது விழித்தெழுந்து வெளியே வரும்போது மருந்தோடு வாசலில் நிற்கப்போகிறார்கள். வாயிலிருந்த ரொட்டித் துண்டைக் காகிதத்தில் துப்பினாள்.

இணை இயக்குநர் காப்பி இயந்திரத்தின் பக்கம் நின்றார். ஒரு கையில் காகிதக் கோப்பை, மறுகையில் கேக். விரலிடுக்கில் ஒட்டிய கிரீமை நக்கிக்கொண்டிருந்தார்.

“இது என்ன சார்?”

“எது மேடம்? ஓ, அட்டவணையா. ஏன், ஆறு மாசம் சரியா இருக்கே.”

“இந்த ஆறு மாசம் வண்டே வெளிய வராது சார். இத நிறுத்தி என்ன பிரயோஜனம்?”

“மழையிலதான மேடம் மாட்டுக்குப் புழு அதிகம். அப்பப் போய் மருந்த நிறுத்தச் சொன்னா எந்தப் பண்ணைக்காரன் கேப்பான்? கோடையில நிறுத்தினா யாருக்கும் கஷ்டமில்ல. நீங்க கேட்ட ‘வேண்டும்’ அப்படியே இருக்கு. ஒரு எழுத்த நாங்க தொட்டோமா?” அவர் சிரித்தார். பல்லில் கிரீம் இருந்தது. “எல்லாருக்கும் ஜெயம் மேடம். இதுல நாங்க கத்துக்கிட்டது நிறைய.”

வெளுத்து வாங்கியிருக்கலாம். ஆனால் அந்த மனிதன் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதுதான் அருவருப்பாக இருந்தது. அட்டவணை வேண்டுமென்று சொன்னது அவள். நீங்களே போடுங்கள் என்று விட்டதும் அவள்.

நேரே பறவைக்காரரிடம் போய் முப்பத்தோராம் பக்கத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். முகம் கறுத்தது. “அயோக்கியப் பசங்க,” என்றார் மெதுவாக. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவருக்கு அடுத்து என்ன தோன்றியது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“திறக்கப் போறியாம்மா?”

“வேற என்ன சார் பண்றது?”

“அட்டவணையும் பதினாலோட சேர்த்திதான், அதத் திறந்தா என் பதினொண்ணும் திறக்கும். வேட்டைச் சங்கத்துக்காரங்க நேத்துலேருந்து அதுக்குத்தான் வாயத் திறந்துட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு சர்வீஸ் இன்னும் நாலே மாசம். முப்பது வருஷம்மா.”

“எனக்குப் பன்னெண்டு வருஷம் சார்.”

“உனக்கு வயசிருக்கு. அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

“அடுத்த தடவை எப்ப?”

“எட்டு வருஷத்துல வரும்.” சொல்லிவிட்டு அவரே கூசிப்போனார். ஆனாலும் விடவில்லை. “உன் வண்டு ஒண்ணு, என் ஏரியில எழுபது வகைப் பறவை. கணக்குப் போட்டுப் பாரும்மா. உன்னக் கை எடுத்துக் கும்பிடறேன்.”

நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். மீசையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது. மதிப்பு வைத்திருந்த மனிதர் தூளொட்டிய மீசையோடு கும்பிடுவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அதைவிடச் சகிக்கவில்லை.

மூன்று மணிக்குத் தலைவர் முழு ஆவணத்தையும் கையில் எடுத்தார். மல்லிகை டப்பா ஒருமுறை துப்பியது. “இருபத்தோரு வாக்கியங்களும் பின்னிணைப்பும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

பாதிப் பேர் பையை மடியில் எடுத்து வைத்துவிட்டார்கள்.

“இரண்டாம் முறை கேக்கறேன்.”

அவள் கை தன்னையறியாமல் அட்டையைப் பற்றியது. நிமிர்த்தினாள். முப்பத்தேழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இணை இயக்குநரின் சிரிப்பு முதல்முறையாக லேசாக வாடியது. பக்கத்தில் பறவைக்காரர் மூச்சை நிறுத்தியிருந்தார்.

“சொல்லுங்க டாக்டர்,” என்றார் தலைவர்.

எழுந்தாள். பக்கம் முப்பத்தொன்று என்று தொடங்க வேண்டும். பக்கம் என்று வாயைத் திறந்தாள். விமானத்துக்கு நேரமாகிறதென்று யாரோ கடிகாரத்தைத் தட்டினார்கள். முப்பத்தேழு முகத்திலும் ஒரே கேள்வி, இந்தப் பொம்பளை நம்மை வீட்டுக்குப் போக விடுவாளா மாட்டாளா. தொண்டையிலிருந்து வந்தது அவள் தேடிய சொல் அல்ல.

“எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு தோணிச்சு,” என்றாள். “பொறுமையா கேட்டதுக்கு.”

உட்கார்ந்தாள். கைதட்டல் கூரையைத் தொட்டது. மூன்றாம் முறை கேட்காமலே தலைவர் சுத்தியைப் போட்டார். இணை இயக்குநர்தான் எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினார். பறவைக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீ நல்லா இருப்பம்மா,” என்றார். எழுந்து ஓடிப்போய் எல்லார் மேலும் வாந்தி எடுத்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. முதலில் தன் மேல்.

வாசல் படிக்கட்டில் ஒரு புகைப்படம் எடுத்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். ‘பூமியின் காவலர்’ என்று பொறித்திருந்தது. கன்றுக்குட்டிப் பைக்குள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது போன் அடித்தது. அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் கேட்டது.

“இங்க முதல் மழை புடிச்சிடுச்சுடி,” என்றாள் அக்கா. குரலில் ஏதோ குழந்தைத்தனமான சந்தோஷம். “உன் கொம்பு வண்டு ரெண்டு இப்பவே வெளிய வந்திடுச்சு. கொட்டகை வெளக்குல வந்து மோதுது. அது கிடக்கட்டும், முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுக்கா.”

“‘வேண்டும்’னு போட்டாங்களா?”

“போட்டாங்க.”

“அடி சக்க. நான் நம்பவே இல்ல. சரி, எந்தெந்த மாசம்?”

அவள் நடையை எட்டிப் போட்டாள். ஒரு பேருந்து கடந்து போகும்வரை சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டாள். பேருந்து போய்விட்டது.

“எந்த மாசம்னு கேட்டேன்.”

சொன்னாள். ஆறு மாதத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பண்ணை நடத்துகிறவளுக்கு அட்டவணையும் வேண்டாம், அறுநூறு பக்கமும் வேண்டாம். மூன்றாவது மாதத்திலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

“அது மண்ணுக்குள்ள தூங்குற மாசமாச்சேடி.”

“ஆமா.”

“உனக்குத் தெரியாம பண்ணிட்டாங்களா?”

“தெரியும். மதியமே தெரியும்.”

“தெரிஞ்சப்புறம் எழுந்து சொன்னியா இல்லியா?”

“எழுந்தேன்க்கா.”

“எழுந்து?”

“நன்றி சொன்னேன்.”

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அக்கா கொட்டகைக்குள் யாரிடமோ ஊசிப் பெட்டியை எடுத்துவரச் சொன்னாள், பெரியதை என்றாள், நாற்பதுக்கும் என்றாள். பிறகு போனுக்குத் திரும்பி வந்தாள்.

“கன்னு இன்னும் மூச்சு விடுது. பாக்கலாம். நீ சாப்பிட்டியா?”

“ம். வெள்ளிக்கிழமை வரேன்க்கா. மழை பெஞ்சிருக்கில்ல, எண்ணணும்.”

“எதை?” என்று கேட்டாள் அக்கா.